எர்மானோ

ஸ்பானிஷ் பாடப் புத்தகங்களில் குடும்பம் சீக்கிரமே வந்துவிடுகிறது. பெயர், ஊர், தொழில். உடனே தகப்பன், தாய், கூடப் பிறந்தவர்கள். இந்தப் பாடத்தைப் பொய் சொல்லியும் கடக்கலாம். மூன்று தங்கைகள் என்று சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. வினைச்சொல் சரியா என்றுதான் பார்ப்பார்கள். நான் உண்மையைச் சொன்னேன். 'தெங்கோ உன் எர்மானோ.' சொல்லுக்குச் சொல், ஒரு சகோதரனை வைத்திருக்கிறேன். அப்போது உண்டான லேசான விடுதலை உணர்ச்சி சந்தேகத்துக்குரியது.

பாகப்பிரிவினைக்குப் பிறகு எனக்கும் அவருக்கும் ஏழு வருஷமாகப் பேச்சில்லை. ஆனால் தமிழில் அவரைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தால் 'அண்ணன்' என்றுதான் வருகிறது. கோபத்தில் சொன்னாலும் அந்த வார்த்தை அவரை மேலேயும் என்னைக் கீழேயும் உட்கார வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச விடுகிறது. எர்மானோ முன்பிறப்பு பின்பிறப்பு கேட்பதில்லை. தேவையென்றால் மயோர், மெனோர் என்று பின்னால் ஒட்டிக்கொள்ளலாம். (நம்மிடமும் 'சகோதரன்' உண்டே என்பார்கள். உண்டு, மேடைக்கு. வங்கியில் நாமினி படிவத்தின் உறவுக் கட்டத்தில் 'பிரதர்' என்று எழுதுகிறவர், நிமிர்ந்து என்னிடம் பேசும்போது 'தம்பி பேரு சார்' என்கிறார்.)

இதைக் கொண்டு அந்த பாஷையில் தனிமனிதன் குடும்பத்திலிருந்து விடுபட்டுவிட்டான் என்று சொல்ல மேல்நாட்டு இலக்கியம் படிக்கிற நம்மவர்களுக்கு ஆசை உண்டு. 'கொம்பாத்ரே' என்ற சொல் அதற்கு இடம் தருவதில்லை. ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்பவன் குழந்தைக்குப் பாத்ரினோ. குழந்தையின் தகப்பனுக்கோ கொம்பாத்ரே, அதாவது கூட்டுத் தகப்பன். கனமான உறவு இந்த இரண்டு பெரியவர்களுக்கு இடையில்தான். ஸிட்னி மின்ட்ஸும் எரிக் உல்ஃபும் 1950இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை முக்கியமானது. சமமானவர்கள் தங்களுக்குள் கட்டிக்கொள்ளும் உறவு இது. ஏழைக் குடியானவன் தனக்கு மேலே இருப்பவனைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் உபாயமும் இதுவே. மெக்ஸிகோவின் சில கிராமங்களில், அதுவரை 'தூ' என்று ஒருமையில் பேசிக்கொண்ட நண்பர்கள் கொம்பாத்ரே ஆனதும் 'உஸ்தேத்' என்ற மரியாதைக்கு மாறிவிடுவதுண்டு. சகோதரன் என்ற சொல்லில் இல்லாத படிக்கட்டை அந்த பாஷை இங்கே கட்டி வைத்திருக்கிறது.

அப்படியானால் எர்மானோ எனக்குத் தந்தது நேர்மையா, தப்பித்தலா? 'அண்ணன்' என்பதற்குள் நான் அவருக்குச் செய்யவேண்டியது மட்டுமல்ல, அவர் எனக்குச் செய்யாமல் விட்டதும் இருக்கிறது. ஒரு சகோதரன் வீட்டின் தெருப்பக்கத்துப் பாதியை எடுத்துக்கொண்டான் என்றால் அது சொத்துத் தகராறு, சர்வேயர் போதும். அண்ணன் எடுத்துக்கொண்டார் என்றால்தான் அநியாயம். மூத்தவர் விட்டுக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தவன் நான். அந்த ஸ்தானத்தை ஒரு வேற்றுச் சொல்லால் அழித்துவிட்டு, ஸ்தானத்துக்குரிய தர்மத்தை மட்டும் எப்படிக் கேட்பது? எர்மானோவில் என் வழக்கே நிற்காது. அவருடைய குற்றத்தையும் சேர்த்துத் தள்ளுபடி செய்துகொண்டு வந்த விடுதலை அது. அதை நான் விரும்புகிறேனா என்பதே கேள்வி. முழுவதும் விரும்பவில்லை.

ரத்தம் தானாக எதையும் செய்துவிடாது என்பதற்கு ஹுவான் ருல்ஃபோவின் 'பெட்ரோ பராமோ' (1955) நாவலின் ஆரம்பத்தைப் பார்க்கலாம். ஹுவான் பிரெஸியாதோ, பார்த்தே இராத தகப்பனைத் தேடிக் கொமாலாவுக்குப் போகிறான். அவன் பெயரோடு ஒட்டியிருப்பது தாயின் குடும்பப் பெயர். வழித்துணையாக வரும் கழுதைக்காரன் அபுந்தியோ, தானும் அந்தப் பெட்ரோ பராமோவின் மகன்தான் என்கிறான். ஞானஸ்நானத்துக்கு எடுத்துப்போனதோடு தகப்பன் வேலை முடிந்துவிட்டது. ஆக, நடந்துகொண்டிருப்பவர்கள் இரண்டு எர்மானோக்கள். யாரும் யாரையும் கட்டித் தழுவுவதில்லை. நாவலின் மற்றப் பேய்களைவிட என்னை உலுக்குவது இந்தச் சாதாரண நடைதான். ஊர் வந்ததும் அபுந்தியோ, தங்குவதற்கு ஒரு பெண்மணியின் பெயரைச் சொல்லிவிட்டுத் தன் வழியில் போய்விடுகிறான்.