ட்யூபைத் திறக்கும் முன் முகத்தைப் பாருங்கள்

கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, அதற்குள் பெண்ணின் முகம் வெளுக்க வேண்டும் என்று மருந்துக் கடையில் ஒரு ட்யூப் கேட்டு வாங்கிவரும் தாய்மார்களே, அதை மகள் கையில் கொடுக்காதீர்கள். அதன் மேல் பொடி எழுத்தில் இருப்பதை முதலில் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று கண்ணில் பட்டால், நீங்கள் வாங்கிவந்தது அழகு க்ரீம் அல்ல. அது ஸ்டீராய்டு மருந்து.

அது ஏமாற்றும் விதம் கொடியது. முதல் இரண்டு வாரத்தில் பரு அமுங்கும், நிறம் வெளுக்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரிப்பார்கள். அதன் பிறகு தோல் மெலியும். கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு இரத்தக் குழாய்கள் தெரியும். பரு முன்னைவிட அதிகமாக வரும், பூனைமுடி அடர்ந்து வளரும், வெயிலில் நின்றால் எரியும். இரண்டு நாள் பூசாமல் விட்டால் முகம் சிவந்து காந்தும். அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே பூசுவார்கள். கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கௌசிக் லாஹிரி இந்தச் சீரழிவுக்குத் தனிப் பெயரே வைத்தார். 2011-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினை என்று வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் மருத்துவரே அல்ல. இதனால்தான் 2018-ல் மத்திய அரசு இத்தகைய க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

பெயரே தெரியாத சிவப்பழகு க்ரீம் இன்னும் ஆபத்தானது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் போகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைச் சிறுநீரக மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் அத்தகைய க்ரீம் பூசியவர்கள். காரணம் அதிலிருந்த பாதரசம். முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை போயிருக்கிறது.

சரி, எதைப் பூசுவது? அந்தக் கேள்விக்கு முன்னால், உங்களுடையது எப்படிப்பட்ட முகம் என்று தெரிய வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒத்துக்கொண்டது என்பது உங்களுக்கு ஒரு காரணமே ஆகாது. ஒரு விடுமுறை நாளில் காலையில் மென்மையான சோப்புப் போட்டு முகம் கழுவுங்கள். பவுடர்கூடப் போடாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். ட்யூப்லைட் வெளிச்சம் பொய் சொல்லும். நெற்றி, மூக்கு, கன்னம் மூன்றிலும் தனித்தனியாக டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுங்கள். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் ஒட்டிக் கன்னம் மட்டும் வறண்டிருப்பது நம்மில் பலருக்கு உண்டு. கழுவியதும் எங்கும் இழுத்துப் பிடித்தால் வறண்ட சருமம். வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிய சருமம். அதில் எலுமிச்சம்பழத்தைத் தேய்ப்பது கொடுமை.

நெற்றியைக் கூடுதலாகக் கவனியுங்கள். நம் திருவண்ணாமலை கோயில் ஊர். விபூதியும் குங்குமமும் இல்லாத நெற்றி இங்கே குறைவு. சாயம் கலந்த குங்குமம் அரித்து, நாளடைவில் அந்த இடத்தைக் கறுக்க வைக்கும். ஸ்டிக்கர் பொட்டின் பசை சிலருக்கு அதே வட்டத்தில் தோலை வெளுக்க வைக்கும். மயிர்க்கோட்டை ஒட்டிப் பொடிப்பொடியாகப் பரு என்றால் தலைக்கு வைக்கும் எண்ணெயைச் சந்தேகியுங்கள். இதில் எதற்கும் முதலில் வேண்டியது க்ரீம் அல்ல, காரணத்தை நிறுத்துவதுதான். இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி பழுப்புத் திட்டு படர்ந்தால் அது பெரும்பாலும் மங்கு. வெயில் அதை வளர்க்கும். பகலில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்களும், கோபுர வாசலில் நாள் முழுக்கப் பூ விற்கிறவர்களும் முந்தானையோ தொப்பியோ போட்டு முகத்தை மறைக்காமல் எந்த மருந்து பூசியும் பயனில்லை. கழுத்து மடிப்பு வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் தேய்த்துக் கழுவாதீர்கள், சர்க்கரை பாருங்கள். வெளுத்த திட்டு ஒன்று தொட்டால் உணர்வில்லாமல் இருந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் அதற்கு இலவசமாகவே மருந்து கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். கையைத் தூக்கி மேற்கையின் உட்புறத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தின் நிறம்தான் நீங்கள் பிறந்த நிறம். எந்த நல்ல சிகிச்சையும் முகத்தை அதுவரைதான் கொண்டுவரும். அதைத் தாண்டி வெளுக்க வைக்கிறேன் என்று யார் சொன்னாலும், பார்லராக இருந்தாலும், அவர்கள் உங்கள் தோலைக் கெடுக்கப் போகிறார்கள். அந்த நிறம் போதாது என்று பெண்ணிடம் சொல்கிற மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், க்ரீம் அல்ல.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசியிருந்தால் நீங்களாகத் திடீரென்று விடாதீர்கள். பூசிய ட்யூபுகள், பார்லரில் கொடுத்த டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எதை, எத்தனை நாள் பூசினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்ற பயத்தில் பொய் சொன்னால் சிகிச்சை தவறும். தேற மாதங்கள் ஆகும், ஆனால் பலருக்கும் தேறும்.

மருந்துக் கடைக்காரர்களே, அந்த ட்யூபில் 'மருத்துவர் சீட்டுக்கு மட்டும்' என்று அச்சடித்திருப்பது உங்களுக்குத் தெரியும். சீட்டில்லாமல் அடுத்து வந்து கேட்கிற பெண்ணுக்கு இல்லை என்று சொல்லுங்கள்.