பதினைந்து பைட்டும் ஒரு பசுவும்

கும்பகோணத்தில் உட்கார்ந்து பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். வேகம் வேண்டிய வேலையை சி மொழியில் எழுதிய பிளக்கினிடம் தள்ளிவிடுவேன். நடுவில் நின்று கைமாற்றுவது சிடைப்ஸ் என்னும் பைத்தான் நூலகம். அதன் வழியாக 'தஞ்சை' என்ற பெயரை அனுப்பிப் பாருங்கள். நமக்கு மூன்று எழுத்து; பைத்தானுக்கு 5. யுடிஎஃப்-8 ஆக்கி அனுப்பினால் சி 15 பைட் என்கிறது. வகை சொல்லாமல் ஸ்டிரிங்கை அப்படியே கொடுத்தால், வழக்கமான லினக்ஸ் கணினியில் 2! ஒவ்வொரு குறியும் நாலு பைட்டாகப் போகிறது. தகரத்தின் இரண்டு பைட்டுக்கு அடுத்து வரும் பூஜ்யத்தைப் பார்த்ததும் சி பெயர் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடுகிறது.

அப்படியானால் நினைவகத்தில் இருப்பதுதான் என்ன?

இதை அப்பாவிடம் கேட்டேன். அவர் திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனவர். சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுக்கு மாபாடியம் என்னும் பேருரை எழுதிய சிவஞான முனிவரின் மடம் அது; அப்பா லேசில் விடமாட்டார். "உயிரும் இப்படித்தான்டா, சார்ந்ததன் வண்ணமாகும்" என்றார். பக்கத்தில் இருப்பதன் நிறத்தைப் படிகம் வாங்கிக்கொள்வதுபோல, பசு என்னும் உயிர், பாசம் என்னும் கட்டைச் சார்ந்தால் ஒரு விதம், பதி என்னும் இறைவனைச் சார்ந்தால் வேறு விதம்.

"சொந்தமாக எதுவும் இல்லை, சூனியம் என்று சொல்லிவிடலாமே?" என்றேன்.

"ஒண்ணுமே இல்லாததை எப்படிடா தப்பாப் படிப்ப?"

நியாயம்தான். பிளக்கின் திருப்பித் தரும் முகவரிக்கு வகை அறிவிக்காவிட்டால் சிடைப்ஸ் அதைச் சாதாரண முழு எண்ணாக எடுத்துக்கொள்ளும். 64 பிட்டில் 32 தான் மிஞ்சும். அதை நம்பித் தொட்டால் நிரல் விழும். எல்லாம் படிப்பவன் இஷ்டம் என்றால் ஏன் விழ வேண்டும்? உள்ளே ஏதோ இருந்திருக்கிறது, தன்னைத் தானே சொல்லத் தெரியாமல். சித்தாந்தம் உயிரைச் சத்து என்றும் அசத்து என்றும் தனித்துச் சொல்லாமல் சதசத்து என்றது இதற்குக் கிட்டே வருகிறது. அளவையின் பெயரும் வகை மாதிரிதான்: தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்ததாகச் சொல்கின்றன. அந்தப் பெயரை விட்டிருந்தால் கணக்கு கெட்டிருக்கும். நெல் களஞ்சியத்தில் கிடக்கத்தான் செய்யும்.

ஆனாலும் ஒப்புமை ஓரிடத்தில் அறுகிறது. உயிருக்கு அறிவிக்க அறியும் அறிவாவது உண்டு. பைட்டுக்கு அதுவும் கிடையாது. வகை நான் எழுதும் வரியிலிருந்து, வெளியிலிருந்து வர வேண்டும்.

"அருள் மட்டும் எங்கேருந்து வருதாம்?" என்கிறார் அப்பா. நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.