கொடியவன் நீட்டும் பதவி

கொடுங்கோலன் ஒருவன் நல்லவர் ஒருவரை அழைத்து உயர்ந்த பதவியொன்றை நீட்டினால், அவர் அதனை ஏற்கலாமா? வாசகரே, இது ஏட்டுக் கேள்வியென்று தள்ளிவிடாதீர்கள். உகண்டாவின் பெனடிக்டோ கிவானுகா இதற்கு விடையளிக்கப்போய்த் தம் உயிரைக் கொடுத்தார்.

1922இல் மசாகாப் பகுதியில் பிறந்த கத்தோலிக்கர் அவர். இரண்டாம் உலக யுத்தத்தில் படையில் பணியாற்றி, பின்பு இலண்டனில் சட்டம் பயின்று, 1958இல் ஜனநாயகக் கட்சியின் தலைவரானார். 'உண்மையும் நீதியும்' என்பது கட்சியின் சுலோகம். எதிரிகளோ அதனைப் 'பாப்பரசரின் மதம்' என்று எள்ளி நகைத்தனர். 1961 தேர்தலைப் புகாண்டா மன்னரின் அரசு பகிஷ்கரித்தது. கிவானுகா அந்தப் புகாண்டாவைச் சேர்ந்தவரே. எனினும் அவர் போட்டியிட்டு வென்றார். 1962 மார்ச்சில் நாட்டின் முதற் பிரதமருமானார். அது இரண்டு மாதமே. ஏப்ரல் தேர்தலில் மில்ரன் ஒபோட்டேயின் கூட்டணி வென்றது. ஒக்டோபரில் வந்த சுதந்திரத்தை ஒபோட்டேயே பிரதமராக நின்று வரவேற்றார். 1969இல் அதே ஒபோட்டே எதிர்க்கட்சிகளைத் தடைசெய்து கிவானுகாவைச் சிறையிலிட்டார்.

சிறைக்கதவைத் திறந்துவிட்டவர், 1971 ஜனவரியில் ஆட்சியைக் கைப்பற்றிய இடி அமீன். ஜூனில் அவரே கிவானுகாவைப் பிரதம நீதியரசராக நியமித்தார்.

ஏற்றது சரிதானா? படைமுகாம்களில் அச்சோலி, லாங்கி இனப் படையினர் கொல்லப்படத் தொடங்கிய காலம் அது. நேர்மையாளர் ஒருவரின் பெயர், அத்தகைய ஆட்சிக்கு வெள்ளையடிக்கவே உதவும் என்பாருண்டு. அந்த வாதத்தை நான் இலேசாக எண்ணவில்லை. கிவானுகாவின் நற்பெயரால் அமீன் சில காலம் இலாபமடைந்தார் என்பதும் மெய்யே.

நிற்க. 1972 செப்டெம்பரில் படையினரால் பிடித்துச்செல்லப்பட்ட பிரித்தானிய வணிகர் ஒருவருக்காக ஆட்கொணர்வு மனுவொன்று வந்தது. ஆசிய வம்சாவளியினரை நாட்டைவிட்டு வெளியேறும்படி அமீன் பணித்திருந்த வேளை. எல்லையில் ஒபோட்டேயின் ஆட்களுடன் சண்டையும் மூண்டிருந்தது. பிரித்தானியர்மீது அமீனுக்கு அடங்காத சினம். அந்த மனிதர் கிவானுகாவுக்கு உறவுமல்லர், வாக்காளருமல்லர். நேற்றுவரை நாட்டை ஆண்டவர்களின் இனத்தவர். ஆயினும், தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து அவரை விடுவித்தார் பிரதம நீதியரசர். பதவியை மறுத்து வீட்டிலிருந்தவர்களின் கைகள் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கைதியின் மனுவை யார் கேட்டிருப்பார்?

இதனைச் சாக்காகக் கொள்வோரும் உளர். 'உள்ளேயிருந்து நன்மை செய்கிறேன்' என்று சொல்லாத கொடுங்கோலரின் மந்திரி எங்கே இருக்கிறார்? அப்படிச் சொல்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த நாளில், எந்த விடயத்தில் 'முடியாது' என்றீர்? பலரிடம் பதில் வராது. பதவிக்கு வந்தபின் அதனைக் காப்பாற்றுவதே அவர்களுடைய வேலையாகிவிடும். கிவானுகாவோ பதவியைக் காக்க நினைத்திருந்தால் அம்மனுவை ஒரு மாதம் ஒத்திவைத்திருந்தாலே போதும். நீதிமன்றங்களில் அது புதினமுமல்ல.

1972 செப்டெம்பர் 21ஆம் நாள் கம்பாலா உயர்நீதிமன்றத்துக்குள் ஆயுதந்தாங்கிய ஆட்கள் புகுந்தனர். பிரதம நீதியரசரை அவருடைய அலுவலகத்திலிருந்தே கொண்டுசென்றனர். அதன்பின் அவர் திரும்பவேயில்லை. அமீன் 1979இல் நாட்டைவிட்டோடி, 2003இல் சவூதி அரேபியாவில் இறந்தார். கிவானுகாவின் உடல் அவருடைய குடும்பத்தினருக்குக் கிடைக்கவேயில்லை.