கூறியது கூறலும் அஞ்செழுத்து ஓதலும்

நூற்குற்றம் பத்தினுள் கூறியது கூறலும் ஒன்றென வகுத்த பவணந்தி முனிவரே, அசைநிலைக்கும் பொருளுக்கும் இசைநிறைக்கும் ஒரு சொல் இரண்டு முதல் நான்கு முறைகாறும் அடுக்கி வரலாம் எனவும் உடன்பட்டார். சைவர்க்கோ திருவைந்தெழுத்தை நாள்தோறும் உருவேற்றுதல் கடன். ஆகலின், ஒரு சொல்லைப் பலகாற் கூறுதல் எவ்விடத்துக் குற்றம், எவ்விடத்துக் குணம் என்பது ஆராயற்பாலது.

பேசுவார்க்கும் எழுதுவார்க்கும் நாவிற் படிந்த சொற்கள் சில உண்டு. ஒருவர்க்கு ‘உண்மையில்’ என்பது, மற்றொருவர்க்கு ‘அற்புதம்’, சமயம் பேசுவார்க்குப் பெரும்பாலும் ‘அருள்’. வண்டி நேரத்தில் வந்ததும் அருள், விருந்து சுவைத்ததும் அருள் என வழங்கிப் பழகிய நா, சத்திநிபாதத்தை உணர்த்த வேண்டுமிடத்தும் அதனையே சொல்லும். கேட்போர்க்கு அது வெற்றொலியாய்க் கழியும். எல்லாம் அருட்செயலே என்பது சித்தாந்தம் அன்றோ எனின், அன்று என்பார் யார்? அதனை உணர்ந்து கூறுதல் வேறு, உணராது கூறுதல் வேறு.

இப்பழக்கத்தின் இயல்பைச் சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரத்தில் வரும் வேம்பு தின்ற புழுவின் உவமை தெளிவிக்கும். வேறு சுவை கண்டும் அப்புழு வேம்பையே நாடுமாறுபோல, ஞானம் விளங்கியும் உயிர் முன் நோக்கியதையே மீள நோக்கும். அவ்வாசனையை நீக்குதற்கே ஆண்டு அஞ்செழுத்து விதிக்கப்பட்டது. எனவே, வாசனையால் ஓடும் சொல்லும், வாசனையை அறுக்க ஓதும் சொல்லும் பலகால் வருதலில் ஒத்தனவேனும் தம்முள் மறுதலைப்பட்டன. நினைவின்றி உருளுமாயின் அஞ்செழுத்தும் நாவளவில் நின்றுவிடும்.

தன் இமையைத் தன் கண் காணாது. நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் செய்த விருத்தியுரையைத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் திருத்தினார். பத்துக் குற்றமும் நன்கறிந்த உரையாசிரியர்க்கும் பிறரது நோக்கு வேண்டியதாயிற்று. நூலைப் புலவர் அவையில் அரங்கேற்றித் தடைவிடைக்கு உட்படுத்திய பழைய வழக்கமும் இதற்கு உதவியது. அவை கிடையாதார், எழுதியதைச் சில நாள் கழித்துப் பிறரைக்கொண்டு படிப்பித்துக் கேட்க. மிக வரும் சொல்லை ஒவ்வோரிடத்தும் நீக்கிப் பார்க்க. பொருள் குறையாதாயின் அது களையே. தஞ்சை வயல்களில் களைபறிப்போர் நெல்லைப்போல் முளைத்த புல்லைக் குனிந்து நோக்கியே பிடுங்குவர்; வரப்பில் நின்று காண்பார்க்கு இரண்டும் ஒரே பசுமைதான்.

நீக்கிய இடத்தில் மற்றொரு சொல்லை நிரப்புதல் மருந்தன்று. ஆணவம் பலமுறை வந்ததென்று அதனை அகங்காரம் என மாற்றின், மலம் தத்துவமாய்விடும். சீகாழிக்குப் பிரமபுரம் முதற் கழுமலம் ஈறாகப் பன்னிரு பெயர் உள. அவற்றையெல்லாம் வைத்துத் திருஞானசம்பந்தர் பாடியருளினார். ஒவ்வொரு பெயர்க்கும் ஒவ்வொரு வரலாறு உண்டாகலின், அவை ஒன்றற்கொன்று ஈடாக இட்ட சொற்கள் அல்ல. வேண்டிய சொல் நூறுமுறை வரினும் வருக. வேண்டாத சொல் ஒருமுறை வரினும் மிகையே.

ஒரு காலத்துக்கு ஒரு சொல்லைக் குறித்துக்கொண்டு, அது நாவில் எழுந்தோறும் சற்றே நின்று பொருளை நினைத்துப் பழகுக. இங்ஙனம் பழகினார்க்கு ‘அருள்’ என்னும் சொல் அரிதாக வரும். வரும்போது கேட்போர் நெஞ்சில் தங்கும். அவர் ஓதும் அஞ்செழுத்தும் ஓதுந்தோறும் புதிதாம் என்க.