எந்தப் பெயரில் புதைப்பது?

கல்பாக்கம் பக்கம் எங்க சேரிகளில் பாப்டிஸ்ட் சபைக்காரர் ஒருவர் செத்தால், "நல்ல குடும்பஸ்தர், புள்ளைங்கள படிக்க வச்சார்" என்பார் போதகர். ஊரார் சாவுக்கெல்லாம் பறையடித்துக் குழிவெட்டிய பரம்பரைக்கு இந்தச் சொல் சின்ன விஷயமில்லை.

ஆனால் கல்லறையில் எந்தப் பெயர்? ஞானஸ்நானப் பெயரா, சான்றிதழ்ப் பெயரா? 1950 ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவருக்கு இன்றும் இல்லை. அப்பனுக்குச் சிலுவை நட்டால் மகனின் சான்றிதழுக்கு ஆபத்து.

மதம் மாறினா சாதி போயிடுச்சாம். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கத்தோலிக்கரைப் பிரித்து எழுப்பிய சுவர் அப்படிச் சொல்லலையே!

சிலுவை நடாத பிள்ளைகளைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். குடும்பத்துக்காக உழைத்தவருக்குப் பெயரும் குடும்பத்துக்கே போகிறது. பொய் சொல்லவைப்பது சட்டம்தான்.