இடையில் நிற்கும் அபயதானம்

நால்வகைத் தானங்களுள் ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம் ஆகிய மூன்றும் அளித்த அப்பொழுதே நிறைவுறுவன. அபயதானம் அத்தகையதன்று. அஞ்சி வந்த உயிருக்கு இன்று அடைக்கலம் தந்து நாளை கைவிட்டால் அது தானமாகுமா?

தூத்துக்குடிக் கடலை எண்ணும்பொழுது இவ்வினா எழுகின்றது. கழுகுமலைக்கு யாத்திரை செல்லும் நம்மவர், தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசித்து, குரத்தியர் பெயர் பொறித்த கல்வெட்டுகளைக் கண்டு திரும்புவர். (ஆசிரியைகளாகிய எங்களுக்கு அக்கல்வெட்டுகள் தனிப் பெருமை!) அதே மாவட்டத்துக் கடற்கரை வரை செல்வார் சிலரே. அங்கே புன்னைக்காயலில் தாமிரபரணி கடலொடு கலக்கின்றது. ஆற்றில் வளர்ந்த விலாங்கு முட்டையிடக் கடலை நாடும். கடலில் பிறந்த மடவைக் குஞ்சு கழிமுகத்தில் வளரும். முத்துக்குளிப்புக்குப் பேர்பெற்ற கடலும் அதுவே.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியுடன் 2002இல் தொடங்கிய பாதுகாப்புத் திட்டம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடந்தது. திட்டத்திற்கு முடிவு நாள் உண்டு. பவளத் திட்டில் ஒதுங்கும் மீனுக்கு அந்நாள் தெரியாது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியதால் அலைத்தடுப்பை இழந்த விலாங்குசல்லித் தீவு நீரில் மூழ்கிவிட்டது. 1969இல் ஏறத்தாழ 20 ஹெக்டேர் இருந்த காரியாசல்லியில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. இத்தகைய பணியை ஒவ்வொரு முறையும் புதிய மானியத்தை எதிர்நோக்கியா நடத்துவது? 2025இல் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளைப் பெருமளவு நிறுத்தியபொழுது, பல நாடுகளில் இயற்கைப் பாதுகாப்புப் பணிகள் பாதியில் நின்றன.

நிதியைக் குறைப்பவர் வலை வீசுவதில்லை. ஆதலின் தமக்குப் பாவமில்லை என்று கருதலாம். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் வினையாகக் கொள்வது நம் சமயம். பிரமாதத்தால், அஃதாவது அசட்டையால், உயிர்க்கு நேரும் கேட்டையும் அது இம்சையென்றே கூறும். மீன் உண்ணாமையால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவதும் அசட்டையின் ஒரு வகையே.

"மீனினம் பெருகினால் வலையில் சிக்குவனவும் பெருகுமே, அக்கொலைக்கு நாம் துணை போகலாமா?" என்று ஒரு தடை எழலாம். இத்தடையை முற்றிலும் தள்ளிவிட இயலாது. எனினும் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. அங்குள்ளவை மீன்கள் மட்டுமல்ல. ஈரறிவுச் சங்கும் சிப்பியும் எண்ணிறந்தன. எல்லைக்கு வெளியே பிறர் செய்வதை அஞ்சி, எல்லைக்குள் இவ்வளவு உயிர்களுக்கும் அபயம் மறுப்பது எவ்வாறு பொருந்தும்?

நம் முன்னோர் கோயிலில் நந்தா விளக்கு வைக்க விரும்பியபொழுது ஒரு நாளைக்கான எண்ணெயைக் கொடுத்து அமையவில்லை. நிலமோ பொன்னோ ஆடோ முதலாக வைத்து, அதன் வருவாயில் விளக்கு எரியச் செய்தனர். முதலைத் தொடலாகாது என்று கல்லிலும் வெட்டினர். கடற்காவலர் ஊதியத்திற்கும் ரோந்துப் படகின் எரிபொருளுக்கும் அவ்வாறே முதல் வைக்கலாம். மகாவீர ஜெயந்தியன்று ஜீவதயைக்கெனத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அந்த முதலில் சேர்ப்பது பற்றி நம் சங்கங்கள் ஆராய வேண்டுகிறேன்.