உதிர்ந்துபோன உட்படலம்

ஆய்வாளர்களுக்கென்று ஒரு பேரேடு உண்டு. எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று அதில் வரவு ஏறிக்கொண்டே போகும். 1964இல் யூஜின் கார்ஃபீல்டு அறிவியல் மேற்கோள் அட்டவணையைத் தொடங்கியபோது, ஒரு கருத்து எங்கெங்கே போயிற்று, யார் அதை மறுத்தார்கள் என்று தேடிப் பார்க்கத்தான் அது உதவ வேண்டியிருந்தது. தேடும் கருவி நாளடைவில் ஆளை நிறுக்கும் தராசாகிவிட்டது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஒருவருடைய ஆயுள்கால உழைப்பை ஒற்றை எண்ணாகச் சுருக்கவும் வழி கண்டுபிடித்தார். கணக்கு வேண்டியதுதான், அதைப் பழிக்கவில்லை. ஆனால் தன் பெயரில் ஏறிய வரவின்மேல் எவ்வளவு பற்று வைக்கலாம் என்று யோசிக்கும்போது எனக்கு ராபர்ட் ஃபர்ச்காட் நினைவுக்கு வருகிறார்.

இரத்தக் குழாய்களை ஆராய்ந்த அமெரிக்கர். முயலின் பெருந்தமனியைக் கீற்றாக வெட்டித் தொங்கவிட்டு, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டால் அது சுருங்குகிறது என்று 1953இல் எழுதினார். உயிருள்ள உடலிலோ அதே பொருள் குழாயை விரிக்கிறது. இந்த முரண் கால் நூற்றாண்டு அப்படியே கிடந்தது.

1978 மே மாதம். புரூக்ளினில் அவருடைய ஆய்வகத்தில் டேவிட் டேவிட்சன் என்ற உதவியாளர், முதல் மருந்தைக் கழுவாமலே அடுத்த மருந்தைச் சேர்த்துவிட்டார். சுருங்க வேண்டிய தமனி தளர்ந்தது. கைத்தவறு என்று அந்தப் பதிவைக் கிழித்துப் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஃபர்ச்காட் மறுபடி மறுபடி செய்து பார்த்தார். காரணம் பிடிபட்டது. குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் எண்டோதீலியம் என்ற படலம் இருக்கிறது. முன்பெல்லாம் கீற்றாக வெட்டிக் கையாளும்போது அது உரசி உதிர்ந்திருக்கிறது; இம்முறை அது தப்பியதால் தமனி தளர்ந்தது. இத்தனை காலம் அளந்ததெல்லாம் உள்தோல் போன குழாயை.

இந்த இடத்தைவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. 1953இல் அவர் எழுதியதில் பொய் இல்லை. கீற்று சுருங்கியது உண்மைதான். எடுத்துப் பார்த்த கையே அதை மாற்றியிருந்தது என்பதுதான் தெரியாமல் இருந்தது. மனத்தைப் பார்க்கவென்று நாமும் கண்மூடி உட்காருகிறோம். உட்காரும் வேகத்திலேயே மெல்லியது ஏதோ உரசிப் போய்விடுகிறது. மிஞ்சிய இறுக்கத்தைக் கண்டு, என் சுபாவமே இதுதான் என்று முடிவுகட்டி, வருஷக்கணக்காக அதையே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அவர் அடுத்துச் செய்தது இன்னும் அழகு. படலம் இழந்த கீற்றைப் படலம் உள்ள கீற்றோடு முகத்துக்கு முகம் சேர்த்து வைத்தார். இழந்ததும் தளர்ந்தது! பக்கத்திலிருந்து ஏதோ ஊறி வந்திருக்கிறது. சத்சங்கத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

ஊறி வந்தது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று 1986இல் அவரும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியே சொன்னார்கள். சில விநாடிகளே அதற்கு ஆயுள். பக்கத்துத் தசையைத் தளர்த்திவிட்டு மறைந்துவிடும். 1998இல் இவ்விருவருக்கும் ஃபெரிட் முராடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதே துறையில் பெரும்பங்கு ஆற்றிய சால்வடோர் மோன்கடாவுக்குக் கிடைக்கவில்லை. அது நியாயமா என்று இன்றும் பேசுகிறார்கள். பரிசை நிறுவிய ஆல்ஃபிரட் நோபலுக்கு அந்திமக் காலத்தில் இதயநோய்க்கு மருத்துவர்கள் சொன்ன மருந்து நைட்ரோகிளிசரின். அவர் டைனமைட் செய்த அதே சரக்கு. உடலுக்குள் அது வேலை செய்வதும் இந்த வாயுவால்தான்.

1980 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த ஃபர்ச்காட்டின் கட்டுரை நான்கே பக்கம். ஆயிரக்கணக்கானோர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். பேரேட்டில் 1953ஆம் வருடக் கட்டுரையும் இதுவும் ஒரே ஆளின் வரவாகத்தான் இருக்கின்றன. முன்னதற்குத் தானே கொடுத்த பொருளைப் பின்னதில் அவர் விட்டுக்கொடுத்தது எந்த எண்ணிலும் தெரியாது. டேவிட்சனின் பெயரும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இல்லை. நோபல் உரையில், 82 வயதில், ஃபர்ச்காட் அந்த மே மாதச் சோதனையை விவரித்து, அதைச் செய்தவர் டேவிட்சன் என்று பெயர் சொல்லியே பதிவு செய்திருக்கிறார்.